எலியாசர் மக எழுதாத பாட்டு

போன வாரம் பழைய ஏடு, கல்வெட்டுத் தேடுத ஒரு சார்வாள் வந்தாவ. சிம்கான்னு ஒருத்தி இருந்ததே இல்லியாம். ஏட்டுல பேரு இல்லியாம், கல்லுல இல்லியாம். எனக்கு வந்த கோவத்துக்கு, அவியளுக்கு ஊத்துன காப்பியத் திரும்ப வாங்கிருப்பேன். நீங்களாவது ஒழுங்காக் கேளுங்க.

கடலு இன்னும் ரெண்டு பனை தள்ளிக் கெடந்த காலம். நம்ம வளைத்துறையில எலியாசர்னு ஒரு யூதரு, மிளகு யாவாரி. மேக்க இருந்து கப்பல்ல வந்து இங்கயே தங்கிட்டாராம். அவரு மக சிம்கா. பொறந்தது இங்க, பேசுனது நம்ம பேச்சு. நல்லாப் பாட்டுக் கட்டுவாளாம். அப்பன் அதைக் கரையில பாடிக் காட்டி, "இது எம்மக கட்டுனது"ம்பாராம்.

ஊர்ல ஒரு புலவரு இருந்தாரு. அவருக்கு வயிறு எரிஞ்சுது. நேரா ஊர்த்தலைவர்ட்ட போயி, "பொம்பளப்பிள்ளையாவது, பாட்டாவது. அப்பன் கட்டிட்டு மக பேரைச் சொல்லுதான். உங்களையே ஏமாத்துதான்"னு வத்தி வச்சுட்டாரு. தலைவரு சொன்னாராம், "சபையில வந்து கட்டிக் காட்டட்டும். முடியலன்னா அப்பனும் மகளும் ஊரை விட்டுப் போயிரணும்."

நாளு குறிச்சது புலவரு. சனிக்கிழமை. தெரிஞ்சு குறிச்சாரோ தெரியாமக் குறிச்சாரோ, அது யூதருக்கு ஓய்வு நாளு. அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்க மாட்டாவ, ஒரு எழுத்து எழுத மாட்டாவ.

கரையில பந்தல். ஊரே கூடிட்டு, வலைக்காரங்க உள்பட. ஏட்டையும் எழுத்தாணியையும் முன்னால வச்சாவ. சிம்கா கையக் கட்டிக்கிட்டா.

"இன்னைக்கு எழுத மாட்டேன். எங்க சாமி ஓய்ஞ்ச நாளு."

புலவரு சிரிச்சாராம். "பாத்தியளா? வந்ததும் சாக்கு." எலியாசருக்கு முகம் செத்துப்போச்சாம்.

"கைதான் ஓயும். வாய்க்கு என்ன? எதப் பத்திப் பாடணும், சொல்லுங்க"ன்னா அவ.

"அழியாததப் பத்திப் பாடு. ஆனா வாயால பாடுனா காத்தோட போயிரும். ஏட்டுல ஏறுனாத்தான் பாட்டு"ன்னாரு புலவரு.

அவ புலவரு பக்கமே பாக்கலியாம். வலைக்காரங்களப் பாத்துத் திரும்பி நின்னு பாடுனாளாம். முழுப் பாட்டச் சொன்னா நீங்க எழுதிப்பிடுவிய, அதனால கருத்து மட்டும் சொல்லுதேன். மணல்ல எழுதுன பேர அலை வந்து அழிச்சிரும், வலை இழுக்கிறவன் வாயில இருக்க பேர அது என்ன செய்யும்னு கேட்டா.

ஒரு தடவதான் பாடுனா. ரெண்டாந்தடவ கரையே பாடிச்சு. வலைக்காரன் பாடுனான், அவன் பொண்டாட்டி பாடுனா, கைப்பிள்ளைக்காரி பாடுனா. தலைவரு எந்திரிச்சுட்டாராம். "புலவரே, காத்தோட போயிரும்னீரே. இப்பப் போகச் சொல்லும் பாப்போம்"னாராம். புலவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையக் கட்டிட்டாரு. எலியாசரு பந்தல்லயே உக்காந்து சந்தோசத்துல அழுதாராம்.

மறுநாளு தலைவரு அந்தப் பாட்ட எழுதிட்டு வர ஏட்டுக்காரன அனுப்புனாரு. வலைக்காரங்க சொல்ல மாட்டேன்னுட்டாவ. "எழுதாம ஜெயிச்ச பாட்டு. எழுதாமலே இருக்கட்டும்."

அன்னையில இருந்து சனிக்கிழமை மொத வலை அந்தப் பாட்டோடதான் கரையேறும். எவனும் எழுதக் கூடாது. நானும் எழுதல, எம்மாமியாரும் எழுதல. பெறவு ஏட்டுல எங்க இருந்து வரும்?

பாட்டு வேணும்னா சனிக்கிழமை விடியக் கரைக்கு வாங்க. வெறுங்கையோட வாங்க. அந்த சார்வாளையும் கூட்டிட்டு வாங்க. இல்லாதவ பாட்ட ஊரே நின்னு பாடுததக் கேட்டுட்டுப் போகட்டும்.