பேனரில் இருக்கும் எண்ணை நான் பார்க்கவில்லை

அவைத் தலைவராக அமர்ந்திருக்கும் மருந்துக்கடை உரிமையாளர் அவர்களே, நம் புதிர்க் கழகத்தின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் மகளே, டாக்டர் கையால் பல்லைப் பறிகொடுத்தும் அவரை மன்னித்து இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கண்ணாடி இல்லாமல் உங்கள் முன் நிற்கிறேன். மறந்துவிட்டு வரவில்லை, கைப்பையில்தான் இருக்கிறது. எனக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் டாக்டரின் படமும், அதற்குக் கீழே அவர் கடைசியாகக் கண்டுபிடித்த விடையும் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த எண்ணை நான் பார்க்கக் கூடாது. அதனால் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஏன் பார்க்கக் கூடாது என்று சொல்வதுதான் நான் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி.

ஊருக்கு அவர் பல் டாக்டர். எங்களுக்கு அவர் ‘வலிக்காது டாக்டர்’. சனிக்கிழமை மதியம் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும், அதே காத்திருப்பு அறையில், அதே பெஞ்சுகளில், நாங்கள் மடிக்கணினிகளுடன் உட்காருவோம். சுவரில் ஆளுயரக் கடைவாய்ப்பல் படம். அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. அங்கேதான் எண் புதிர்களுக்கும் கட்டப் புதிர்களுக்கும் நிரல் எழுதி விடை தேடுவோம். யாருடைய நிரலிலாவது பிழை தென்பட்டால் டாக்டர் பக்கத்தில் வந்து குனிந்து, “வலிக்காது. ஆனா இந்த வரியைப் பிடுங்கித்தான் ஆகணும்” என்பார். வலிக்கும். ஆனால் பிடுங்கிய பிறகு நிம்மதியாக இருக்கும்.

என் கணவர் காலமான பிறகுதான் நான் அந்த அறைக்குப் போனேன். அதற்கு முன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவள். புதிர் என்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். முதல் நாள் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை நிரப்ப வேண்டும். நெடுக்காக, குறுக்காக, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். எத்தனை விதம்? என் நிரல் எட்டு என்றது. டாக்டருடையது ஒன்று என்றது.

“மேடம், ஒரே ஆளை எட்டு தடவை எண்ணியிருக்கீங்க. காகிதத்தைத் திருப்பிப் பாருங்க. கண்ணாடியில காட்டிப் பாருங்க. எல்லாம் அதே கட்டம்தான்.”

“திருப்பினா ஒண்ணுன்னு கேள்வியில எங்கே இருக்கு டாக்டர்?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“சொல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னா, பிடுங்காமலே பல்லும் விழுந்துடும். நீங்க எதுக்கு?”

அறையே சிரித்தது. டாக்டர்தான் அதிகம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒரே ஆள் போட்ட கணக்கை இனிமே விடைன்னு சொல்ல வேண்டாம்” என்றார். அன்று பிறந்ததுதான் எங்கள் விதி. முதல் ஆள் நிரல் எழுதி, விடையைச் செயலாளரிடம் மட்டும் கொடுப்பார். இரண்டாவது ஆள் அந்த நிரலையும் பார்க்காமல், விடையையும் கேட்காமல், தன் வழியில் எழுதுவார். இரண்டு எண்ணும் ஒன்றானால் அது விடை. அதுவரை அது வெறும் எண். அன்று முதல் அவருக்கு இரண்டாவது ஆள் நான். எனக்கு இரண்டாவது ஆள் அவர்.

கடைசிக் கணக்கு எங்கிருந்து வந்தது? அந்த அறையின் தரையிலிருந்து வந்தது. பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாகக் கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் பதிக்க நினைத்தார். ஒட்டி இருக்கும் நான்கு டைல்ஸ் சேர்ந்து ஒரே நிறத்தில் ஒரு சதுரமாகிவிடக் கூடாது என்றார். அதோடு விட்டாரா? “எத்தனை விதமா பதிக்கலாம்?” என்று கேட்டார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “சார், எனக்கு ஒரே ஒரு விதம் சொல்லுங்க. போதும்.”

டாக்டருக்குப் போதவில்லை. இந்த முறை கேள்வியைத் தெளிவாக எழுதினார்: அறையின் ஒரு மூலையிலிருந்து பார்க்கும் ஒரு தரை, வேறு மூலையிலிருந்து பார்க்கும் இன்னொரு தரையைப் போலவே தெரிந்தால், இரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, “மேடம், இப்ப கேள்வியில இருக்கு” என்றார். மனத்துக்குள் முழு மதிப்பெண் போட்டேன்.

கணினியிடம் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிவிடாதா என்பீர்கள். சொல்லாது. உலகம் முடிந்த பிறகும் எண்ணிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசையாகக் கட்டிக்கொண்டு போனால் கணக்கு சுருங்கும். ஆனால் அறையைத் திருப்பிப் பார்க்கிற இடத்தில் சிக்கும். நான்கு மூலைதானே, நான்கால் வகுத்துவிடலாமே என்பீர்கள். கூடாது. திருப்பினாலும் மாறாத தரைகள் சில உண்டு; அவற்றைத் தனியாகப் பிடிக்க வேண்டும். அங்கேதான் தவறு ஒளிந்திருக்கும். அங்கே என்னாலும் தவற முடியும், டாக்டராலும் தவற முடியும். டாக்டர் தன் நிரலை முடித்தார். விடையைச் செயலாளரிடம் கொடுத்தார். நான் என்னுடையதைத் தொடங்கும் முன் அவர் போய்விட்டார்.

சென்ற வாரம் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

“அம்மா, டாக்டர் இல்லாம கழகத்தை எப்படி நடத்தறது? அவர் கண்டுபிடிச்ச விடையைப் பேனர்ல போட்டு, இந்தக் கூட்டத்தோட மரியாதையா முடிச்சுக்கலாம்னு இருக்கோம்.”

“யார் சரிபார்த்தது?”

“அம்மா, போனவரோட கணக்கைப் போய் சரிபார்க்கறதா?”

“இருக்கிறவர் கணக்குன்னா அவரே பதில் சொல்லிக்குவார். போனவர் கணக்குக்குத்தான் ஆள் வேணும்.”

செயலாளர் அவர்களே, உங்கள் அன்பை நான் அறிவேன். அந்தப் பேனரை நீங்கள் கண்ணீரோடுதான் அச்சடித்திருப்பீர்கள். ஆனால் சரிபார்க்காத எண்ணை அவர் படத்துக்குக் கீழே எழுதியது மரியாதையா? தன் வாழ்நாளில் ஒருமுறையாவது அவர் அதை அனுமதித்தாரா? அவர் விடை சரியாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை அந்த அறையில் யாரும் விடையாக ஏற்றதில்லை. நானும் ஏற்க மாட்டேன்.

உள்ளே வரும்போது டாக்டரின் மகளிடம் ஒன்று கேட்டேன். அவரும் பல் மருத்துவர். இனி அந்தக் கிளினிக்கை நடத்தப் போகிறவர்.

“சனிக்கிழமை சாவி யார்கிட்ட இருக்கும்மா?”

“என்கிட்டதான் ஆன்ட்டி. நீங்க எல்லாரும் வாங்க. ஆனா கணக்கைச் சீக்கிரம் முடிங்க. விடை சரிபார்க்காம ஒரு டைல்ஸ்கூட பதிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார். தரை இன்னும் வெறும் சிமென்ட்டாத்தான் கிடக்கு. வர்ற நோயாளியெல்லாம் தடுக்கி விழறாங்க. புதுசா பல் போயிடும்போல.”

ஆகவே கழகத்தை இன்றோடு முடிப்பதற்கில்லை. ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. ஒரு தரை சிமென்ட்டாகக் கிடக்கிறது. இரண்டாவது ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

வருகிற சனிக்கிழமை நான் அங்கே இருப்பேன். இந்த அவையில் கழக உறுப்பினர்கள் யாரெல்லாம் இருக்கிறீர்களோ, மடிக்கணினியோடு வாருங்கள். நான் என் வழியில் எழுதுவேன். எவ்வளவு காலமானாலும் எழுதுவேன். என் எண்ணும் அவர் எண்ணும் ஒன்றானால், இதே பேனரை அந்த அறையில் நானே கட்டச் சொல்வேன். ஒன்றாகாவிட்டால் இரண்டு நிரல்களையும் பக்கத்தில் வைத்து, எந்த வரியைப் பிடுங்குவது என்று பார்ப்போம். அது என் வரியாக இருந்தால் நான் தலைவணங்குவேன். அவர் வரியாக இருந்தால், ‘வலிக்காது டாக்டர்’ என்று சொல்லிவிட்டுப் பிடுங்குவேன். இதில் எது நடந்தாலும் அவருக்குச் சந்தோஷம்தான். சரிபார்க்காமல் விடுவது ஒன்றைத்தான் அவர் மன்னிக்க மாட்டார்.

செயலாளர் அவர்களே, தயவுசெய்து படத்தை மட்டும் விட்டு, பேனரின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டுங்கள். டாக்டரின் மகளே, படியிறங்க எனக்குக் கை கொடும்மா. வாசல் தாண்டும்வரை நான் கண்ணாடி போடப்போவதில்லை. யாரும் அந்த எண்ணை என் காதில் விழும்படிச் சொல்லாதீர்கள். மேஸ்திரியிடம் மட்டும் சொல்லி வையுங்கள்: அவர் கேட்ட ஒரே ஒரு விதத்தை, எல்லா விதத்தையும் எண்ணி முடித்த பிறகு கொடுக்கிறோம்.