பாஸ்போர்ட்டின் தையலைப் பிரித்தது சம்பந்தமாக

பெயர்: அமீருதீன், வயது 61, தகப்பனார் பெயர் மஸூத். தொழில்: தையல். முகவரி: பள்ளிவாசல் பின் தெரு, சென்னீர்குப்பம், பூந்தமல்லி.

நான் மேற்படி முகவரியில் மனைவி ராபியா, மகள் மஹீரா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். முப்பத்தெட்டு வருடமாகத் தையல் தொழில் செய்கிறேன், பள்ளிக்கூடச் சீருடைதான் அதிகம். இதற்கு முன் காவல் நிலையப் படி ஏறியவனில்லை. இன்று காலை பத்து மணியிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை இத்தோடு மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

என் மகள் அம்பத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நிக்காஹ் நடந்து எட்டே மாதத்தில் முறிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் தங்கி ஊர் சுற்றிக்கொண்டே கிடைத்த வேலையும் செய்ய ஒரு விசா உண்டென்றும், அதை முப்பத்தொரு வயது ஆவதற்குள் கேட்க வேண்டுமென்றும், குலுக்கலில்தான் ஆள் எடுப்பார்கள் என்றும் சொன்னாள். போன வருடம் பெயர் வரவில்லை. இந்த வருடம் வந்தது. அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தொன்று ஆகிறது, இனி ஒரு குலுக்கல் அவளுக்குக் கிடையாது.

அவள் போவதில் எனக்கு இஷ்டமில்லை, அதை மறைக்கவில்லை. "பழம் பறிக்கிறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்று கத்தினேன். நான்கு நாள் பேசாமலும் இருந்தேன். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சரியென்று சொன்னேன்.

அதன் பிறகு, அங்கே பெரும்பாலும் தோட்ட வேலைதான், மழையிலும் நிற்க வேண்டி வரும் என்று மகள் சொன்னாள். முன்பு எங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது அவளுடைய பட்டச் சான்றிதழ் கூழாகிப்போனது. லேமினேஷன் போட்டிருந்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மட்டும் தப்பித்தது. ஆகவே பாஸ்போர்ட்டுக்கும் லேமினேஷன் போட்டுவிடுவதென்று நானாக முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இங்கே எனக்கு என்ன வேலை.

செவ்வாய்க்கிழமை மகள் வேலைக்குப் போன பிறகு பீரோவிலிருந்து எடுத்து, கௌதம் என்பவரின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "புக்கா கீதே பாய், மெஷின் உள்ள போவாது. ஒத்தப் பேப்பரா கொண்டாந்தா போட்டுத் தர்றேன்" என்றார். என் கடைக்குத் திரும்பி, பிளேடு வைக்காமல் ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். போட்டோ உள்ள தாளை மட்டும் கொடுத்து லேமினேஷன் போட்டு வாங்கினேன். அதன் பிறகு பழைய துளைகளிலேயே, அதே நிற நூலில், கையால் தைத்தேன். ஒரு துளைகூடத் தவறவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சார்பு ஆய்வாளர் ஞானம்மாள் அவர்கள் கேட்டதால் சொல்கிறேன். மேலே ரெக்சினில் ஓர் உறையும் தைத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை விசா மையத்தில் கைரேகை கொடுக்க வரச் சொல்லியிருந்ததால் மகள் அதை உறையோடு பையில் போட்டுக்கொண்டு போனாள். கவுன்டரில் உறையைக் கழற்றியபோதுதான் பார்த்திருக்கிறாள். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு புது பாஸ்போர்ட் கேட்டுப் போன பாஸ்போர்ட் அலுவலகத்தில், பிரித்துத் தைத்திருக்கிறது, ஏடு மாற்றியிருக்கலாம் என்று போலீஸ் விசாரணைக்கு எழுதிவிட்டார்கள். ஏடு மாற்றவில்லை. பிரித்ததும் தைத்ததும் நான்தான்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்த மகள் அழவில்லை. "போவாதன்னு சொன்னா நின்னுட்டிருப்பேனே அத்தா, இன்னாத்துக்கு இப்டி பண்ண?" என்றாள். "ஊசி கெடச்சா ஒங்க கை சும்மாவே இருக்காதா?" என்று என் மனைவிதான் அழுதார். அதன் பிறகு இன்றுவரை மகள் என்னிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

மகளைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே செய்தீரா என்று ஞானம்மாள் அவர்களும் கேட்டார். இல்லை. கெடுக்க நினைத்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டிருப்பேன். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு அரை நாள் நூல் கோர்த்திருக்க மாட்டேன். அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு. ஆனாலும் அவள் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்றுதான் தைத்தேன். என் கையாலேயே அவள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

இதில் என் மகளுக்கோ கௌதமுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. வழக்குப் போடுவதானால் என் மீது போடவும். கைரேகைக்குக் கொடுத்த கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவள் மீது குற்றமில்லை என்று இன்றே எழுதி அனுப்பினால் அவசர பாஸ்போர்ட்டுக்கு வழியுண்டாம்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அல்லாஹ் அறிய இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. வெளியே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருப்பதால், இன்னொரு தடவை உரக்கப் படிக்கும்படி கேட்டேன். ஞானம்மாள் அவர்கள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முதலிலிருந்து படித்தார்.

(ஒப்பம்)
ம. அமீருதீன்