விலங்குச் சுழி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, எரியோட்டில் நாங்கள் குடிக்கிற டீக்கு இது எவ்வளவோ மேல். ஃபேனை மட்டும் செத்த நேரம் குறைத்து வைத்தால் நல்லது. காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற கைவிலங்கு காற்றில் ஆடி ஆடிச் சுவரில் இடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

பெயர் எ. பொன்னுத்துரை. முன்னால் ‘அசுவ லட்சண சிரோன்மணி’ என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார். பட்டம் முறைப்படி மேடையில் வாங்கியது. பொன்னாடை, மாலை, மைக்செட் எல்லாம் என் செலவுதான். ஆனால் போர்த்தியது வேறொருவர் கை. தனக்குத்தானே போர்த்திக்கொண்டால்தான் அசிங்கம்.

தொழில், சுழி பார்ப்பது. மாடு, குதிரை உடம்பில் மயிர் எங்கெங்கே சுழித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அது வந்து சேரும் வீடு தழைக்குமா, படுக்குமா என்று சொல்வேன். மாட்டுக்கு ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். குதிரைக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இந்த வட்டாரத்தில் குதிரையே குறைவு என்று சிலர் சொல்வார்கள். அது வேறு விஷயம்.

பேகம்பூர் முகமது ரஃபீக்கை உங்களுக்குத் தெரியும். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பெண் குதிரையை வாங்கி வந்துவிட்டார். நெய்யில் வறுத்த சேமியா நிறம். பெயரும் சேமியா என்றே வைத்தார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தாமல், அழைப்பு இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்தேன்.

இடது பின்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, கயிறு கட்டுகிற இடத்தில் சுழி இருந்தது. விலங்குச் சுழி. தெருவே கூடி நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன்: “இது எந்தக் கொட்டில்ல நிக்கிதோ, அந்தக் கொட்டில்காரன் கையில வருசம் திரும்புறதுக்குள்ள விலங்கு ஏறும்.” அன்றைக்கு ஆடி கடைசி வெள்ளி.

ரஃபீக் சிரித்துவிட்டார். “அண்ணே, நான் ஹெல்மெட் இல்லாம பெட்ரோல் போடக்கூடப் போக மாட்டேன். என்னைய யாருண்ணே பிடிக்கப் போறா?”

அவர் மனைவி கமர்ஜஹான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “ஏங்க, அந்தச் சுழி முன்னாடியே இருந்துச்சா, இல்ல இவரப் பாத்த பெறகு சுழிச்சுக்கிச்சா?”

தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

ஆனால் வீடு தழைத்தது சார். அதுதான் சிக்கல். சேமியா தலையை ஆட்டி ஆடுகிற வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. முகூர்த்தம் தவறாமல் ஊர்வலம். கொட்டிலுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அங்கே எரியோட்டில் நான் டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை. டீ ஆற்றுகிற பொம்மையன், “என்ன சிரோன்மணி, விலங்கு எந்த ஊரு தாண்டி வருது? பஸ்ஸு பஞ்சரா?” என்பான். தொப்பம்பட்டியில் ஒரு தோட்டக்காரர், சுழி பார்க்க வரச்சொன்னவர், போன் போட்டு வேண்டாம் என்றார். “ஏனுங்க, நீங்க ஆகாதுன்னு சொன்ன குதிரையத்தானுங்க எங்க பையன் கல்யாணத்துக்கே பேசியிருக்கறோம்.” மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் தைத்தது.

அதன்பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வெஞ்சனம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். சாஸ்திரம் பொய்க்காது, தாமதமாகும். நின்றுபோன பஸ்ஸை நாலு பேர் இறங்கித் தள்ளுகிறோம், அதற்காக பஸ் பொய் என்று ஆகிவிடுமா? தள்ள ஓர் ஆள் வேண்டும். நான் இறங்கினேன்.

என் தோட்டத்தில் சோளம் அறுத்த அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து நிற்கும். மறுதாம்பு என்போம். அந்த இளந்துளிரில் விஷம் உண்டு, மாட்டை அவிழ்த்துவிட மாட்டோம். குதிரைக்கு அது வேறு மாதிரி வேலை செய்யும். வாரக்கணக்கில் தின்னத் தின்ன இடுப்பு விட்டுப்போகும். சிறுநீர் தானாகச் சொட்டும். பின்னங்கால்கள் தரையை இழுக்கும். சிறு வயதில் ஒரு ஜட்கா வண்டிக் குதிரையில் பார்த்திருக்கிறேன். குதிரை சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. கால் இழுத்து, எங்காவது இடறி, ஒரு சின்ன விபத்து, ஒரு கேஸ், ஒரு விலங்கு. என் யோசனை அவ்வளவுதான்.

தையில் ரஃபீக் வீட்டுக்குப் போய், நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், பரிகாரமாகக் குதிரைக்கு என் தோட்டத்துப் பசுந்தீவனம் தருகிறேன் என்றேன். மெஷினில் பொடியாக நறுக்கிச் சாக்கில் கட்டி மொபெட்டில் கொண்டுபோவேன். நறுக்கிவிட்டால் சோளமா புல்லா என்று டவுன்காரருக்குத் தெரியாது. ரஃபீக் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வாரீகளேண்ணே. இந்த மனசு யாருக்கு வரும்?” ரம்ஜானுக்கு எனக்கென்று தனி வாளியில் பிரியாணி வந்தது. நல்ல குடும்பம். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

சித்திரையில் சேமியா காலை இழுக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு வாசல் கோலத்தின் நடுவே குளம்பு இழுத்த கோடு இரண்டு. ரஃபீக் கலங்கிப்போய் என்னிடம் ஓடிவந்தார். காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பு என்னிடமே வந்தது. நான் அதை அரைகுறையாகச் செய்யவில்லை. குளம்பைத் தூக்கி மோந்து பார்த்தேன், கண்ணை மூடி யோசித்தேன். லாடம் சரியில்லை என்றேன், மாற்றினார். சிமெண்டுத் தரை ஆகாது என்றேன், உடைத்து மணல் கொட்டினார். வீடியோ பார்த்தவர்கள் கண் என்றேன், வீடியோவையே அழித்துவிட்டார். என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

கமர்ஜஹான்தான் கால்நடை டாக்டர் நாகஜோதியை அழைத்தது. சின்ன வயசு. குதிரையைச் சுற்றி நடக்கவிட்டார், வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். குதிரை அப்படியே சாய்ந்தது. பின்தொடைகள் ஈரத்தில் வெந்திருந்ததைத் தொட்டுப் பார்த்து, என்ன தீவனம் என்று கேட்டார்.

“அண்ணன் தோட்டத்துப் பச்சப்புல்லு டாக்டர், அப்புறம் கொள்ளு” என்றார் ரஃபீக்.

“அந்தப் புல்ல நான் பாக்கணுமே.”

அன்றைய சாக்கு தெருமுனையில் என் மொபெட்டில்தான் இருந்தது. இன்றைக்குக் கொண்டுவரவில்லை என்றேன். ரத்தம் எடுத்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை ஊர்வலத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனியில் இந்த வத்தலக்குண்டுக் கல்யாணம். ரஃபீக் முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தார். நான் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இது வெயில் சோம்பல், நடந்தால் சரியாகும், நானே கூட வருகிறேன் என்றேன்.

“டாக்டரம்மா கூடாதுங்குது, இவரு போங்கங்கிறாரு. நீங்க யாரு பேச்சக் கேக்கப் போறீங்க?” என்றார் கமர்ஜஹான்.

“அண்ணன் தெனமும் வந்து பாக்குறாருல்ல. அந்தம்மா ஒரு நாளு பாத்துச்சு” என்றார் ரஃபீக்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சேமியா மிரண்டு திரும்ப முயன்றது, பின்பாதி கூடவே வரவில்லை. நாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, அப்படியே புரண்டது. மாப்பிள்ளைப் பையன் முகேஷ்குமார் சாக்கடை ஓரத்துக் கல்லில் போய் விழுந்தான். பேண்டுக்காரர்கள் முன்னால் போனதால், கொஞ்ச நேரம் பாட்டு நிற்கவில்லை. தலைப்பாகை உருண்டு என் காலடிக்கு வந்தது. தூசி தட்டி அவன் மாமாவிடம் கொடுத்தேன். நான் எண்ணியிருந்தது சின்ன விபத்து. அளவு கொஞ்சம் கூடிவிட்டது.

நீங்கள் ஜீப்பில் வந்து இறங்கியதிலிருந்து நான் ரஃபீக்கின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவர் தோளில் கை வைத்து, “ஏறுப்பா” என்றீர்கள். அழுதுகொண்டே ஏறினார். இரண்டு கையும் வெறுங்கை. ஓர் உயிர் போன கேஸில் இவ்வளவு மெத்தனம் கூடாது சார். அன்றைக்கே சொல்ல நினைத்தேன். பிறகு ஜாமீனிலும் விட்டுவிட்டார்கள்.

குதிரையை யாரிடம் ஒப்படைப்பது என்று நீங்கள் கேட்டபோது எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். கையெழுத்துப் போட்டு எரியோட்டுக்குக் கொண்டுபோனேன். தீவனத்தை மாற்றவில்லை. பழகிய தீனியைத் திடீரென்று நிறுத்தினால் வாயில்லாப் பிராணி ஏங்கிப்போகும்.

நேற்று டாக்டர் நாகஜோதி சேமியாவைப் பார்க்க வந்தார். என்னிடம் பேசாமல் நேராகத் தோட்டத்துக்குள் போனார். மறுதாம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இதத்தான் நறுக்கி நறுக்கிக் கொண்டுபோனீங்களா? எத்தன நாளா நான் ரத்தத்துலயும் முதுகெலும்புலயும் தேடிக்கிட்டு இருக்கேன். இனிமே அந்தக் காலு திரும்பி வராது, தெரியுமா?”

“சுழி அப்படிம்மா” என்றேன்.

அவர் அந்தத் துளிரையும் என் தோட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் புகார் தருவதற்கு முன்பே நானாக வந்தேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் போன பிறகு கொட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வருஷம் திரும்பப் போகிறது, ரஃபீக் வெளியே நடமாடுகிறார், பொம்மையன் நாளைக்கு என்ன கேட்பான் என்று மனசு அலைந்தது. சேமியா பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதுதான் பொறி தட்டியது. நான் ரஃபீக் பெயரைச் சொல்லவே இல்லையே. எந்தக் கொட்டிலில் நிற்கிறதோ, அந்தக் கொட்டில்காரன் என்றுதானே சொன்னேன். இப்போது அது நிற்பது யார் கொட்டிலில்?

காலையில் குளித்து, பொன்னாடையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆமாம், நான்தான். தீவனத்தில் கொடுத்தது நான். தெரிந்தே ஊர்வலத்துக்கு அனுப்பியது நான். அந்தப் பையன் செத்தது என்னால். ரஃபீக்குக்கு ஒன்றுமே தெரியாது. இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

“விலங்கெல்லாம் எதுக்குப் பெரியவரே, நீங்க என்ன ஓடவா போறீங்க” என்கிறீர்கள். ஓடுவேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். நாளைக்கு ஆடி கடைசி வெள்ளி. அதை ஆணியிலிருந்து எடுங்கள். மாட்டிய பிறகு ஒரு போட்டோ எடுத்து பொம்மையனுக்கு அனுப்பினால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

முதலில் இடது கை. சுழி இடது காலில்தான் இருக்கிறது.