மொதல்ல தண்ணி குடிங்கப்பா

திங்கட்கிழமை, மாகறல் ஈஸ்வரனைத் தரிசிக்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் நாத்தனாரிடம், "நேத்து போலீஸ் ஸ்டேஷன்ல என் புள்ளை பொய் பேசறதை மூணு தடவை கேட்டேன் வசந்தா" என்றாள்.

"அவன்கிட்டருந்து போனே வரலையே அண்ணி, ஆறு மாசமா!"

"வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டினு போயி, அடைச்சு வெச்சு, போன்ல ஊரை ஏமாத்த வெச்சிருக்கானுங்க. ஏமாந்த ஒருத்தரு அதை ரெக்கார்டு பண்ணிட்டாரு. கேஸ் டெல்லி வரைக்கும் போயிடுச்சு. அந்த ஆபீசருங்களுக்குத் தமிழ் தெரியுமா? நம்ம எஸ்.ஐ. அம்மாதான் கேட்டுட்டு, இது காஞ்சிபுரம் பேச்சுன்னு சொல்லி, காணோம்னு எழுதிக் குடுத்த என்னைக் கூப்பிட்டாங்க."

"அவன் குரலுதானா?"

"போலீசுன்னு சொல்லி ஒரு பெரியவரை மிரட்டிக்கினே இருக்கான்மா. அவரு இருமினாரு. 'மொதல்ல தண்ணி குடிங்கப்பா'ன்னான். வேற யாரு?"

"தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? அவனையே புடிச்சு உள்ள வெச்சா?"

"கேஸ் வந்தாலும் வரும்னு எஸ்.ஐ. அம்மாவே மறைக்காம சொன்னாங்க. அது அவன் இல்லைன்னு நான் சொல்லிட்டா டெல்லிக்காரங்க அங்க போயி யாரைத் தேடுவாங்க? என் புள்ளை குரலுதான்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஜெயில்ல இருந்தா மனு போட்டாவது பார்க்கலாம்."

மாகறலில் எல்லோரும் இறங்கினோம். சன்னதியில் அவள் மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் சொன்னாள். அடுத்து என் தட்டை வாங்கிய குருக்கள் பெயர் கேட்டார். என் பெயருக்குப் பதில் நானும் அந்தப் பிள்ளையின் பெயரையே சொன்னேன்.