கம்பளியும் பெல்பாட்டமும்

காதில் விழுந்த பிறர் பேச்சை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். முருகன் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

பெல்பாட்டம் எங்கள் பக்கம் புதிதாக வந்த காலம். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஜீப்பில் எனக்கு எதிரே கம்பளி போர்த்திய மலைக்காரர் ஒருவர் இருந்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர்.

"தெருவப் பெருக்குற கால்சட்ட போட்டவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்," என்றார் கம்பளிக்காரர்.

"பையன் நல்ல ஒழப்பாளி மாமா. சொந்தமா ஏர் ஓட்றான்."

"ஏர் ஓட்றவனுக்குக் காத மூட்ற முடி எதுக்கு? இந்த மாரி பசங்க அல்லாரும் கஞ்சா அடிக்கிறவனுங்கதான்."

"நீ பாத்தியா?"

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? துணியே சொல்லுதே."

வனத்துறைச் சோதனைச்சாவடியில் ஜீப் நின்றது. காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யோவ் கம்பளி, எறங்கு. உள்ள சந்தனக்கட்டையா?"

அவர் இறங்கிக் கம்பளியை உதறிக் காட்டினார். சாமைச்சோற்று மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னார் காவலர். வேறொன்றும் இல்லை. நான் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தேன்; என் பையை யாரும் தொடவில்லை.

ஜீப் கிளம்பியது.

"இன்னா மாமா, துணி இன்னா சொல்லிச்சாம்?" என்றார் மைத்துனர்.

கம்பளிக்காரர் சிரிக்கவில்லை. கம்பளியை மறுபடி போர்த்திக்கொண்டு சொன்னார்: "அந்தப் பையன வெள்ளிக்கிழம வூட்டுக்கு வரச் சொல்லு. அந்தக் கால்சட்டையோடவே வரட்டும்."

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் விபூதியையும் விட்டுவிட வேண்டாம்.