பெரிய வியாழனில் அரக்குச் சாயம்

பாதம் கழுவும் சடங்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள், ஃபாதர். நான் பீர்க்கங்காய் நார் போட்டே தேய்த்தேன். உங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது, பாருங்கள்.

நான் யாரையும் தீர்ப்பிடுகிறவன் இல்லை. பட்டுக்கடைக்கு வருகிறவர் வாங்குவாரா, புரட்டிப் பார்த்துவிட்டுப் போவாரா என்று அவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். அது தீர்ப்பில்லை, தொழில். ஷேர் ஆட்டோ ஓட்டும் துரைக்கண்ணுவின் பெயரை, நீங்கள் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் முதலாவதாக நீங்கள் வாசித்தபோதுகூட நான் எதிர்க்கவில்லை. அவன் குடித்துக் கிடந்த நாட்களைப் பங்குப் பேரவையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நினைவூட்டினேன். அவனுக்காகச் செபிக்கத்தான்.

அவன் என் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திச் சொன்னான்: "அண்ணே, கோச்சிக்கினு ஐயம்பேட்டைக்குப் போன என் பொண்டாட்டி கிருஷ்ணவேணி பூசைக்கு வருதுண்ணே. அந்த நாற்காலில நான் ஒழுங்கா குந்திக்கினு இருக்கிறதப் பாத்துட்டா, கையோட வூட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிக்கீது."

"வரட்டும்பா. நல்லாப் பாக்கட்டும்," என்றேன்.

பெரிய வியாழன் காலை கோவிலில் நாற்காலி போட்டவன் நான். கடைசி நாற்காலியைத் தாழ்மைக்காக எனக்கென்று கேட்டு வாங்கியிருந்தேன். முதல் நாற்காலிக்கு முன்னால் கிடந்த சாக்கு மிதியடியில், பட்டு நூலுக்குப் போடுகிற அரக்குச் சாயப்பொடியை ஒரு கரண்டி தூவினேன். மிதித்த காலில் ஒட்டினாலும், காய்ந்திருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. தண்ணீர் பட்டால் சிவக்கும். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் என் எண்ணம். இல்லாததையா கொண்டுவந்தேன்?

நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளம் ஆடு அறுத்த இடம் மாதிரி ஆனது. "ஃபாதர், ஒரு வருசமா தொடலீங்க, சத்தியமா தொடலீங்க. பழைய பாவந்தான் வெளிய வருது போலக்கீது," என்று துரைக்கண்ணு எல்லோர் முன்னாலும் அழுதான். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அவனை இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வீர்கள் என்று பார்த்தால், நீங்கள் அந்தக் காலை முத்தமிட்டீர்கள். உதடெல்லாம் அரக்கு. அதே கை, அதே துண்டோடு அடுத்த காலுக்குப் போனீர்கள்.

என்னிடம் வருவதற்குள் எல்லோர் காலும் சிவந்துவிட்டது. நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். பட்டு வேட்டி, ஃபாதர்.

முன்வரிசையில் இருந்து கிருஷ்ணவேணி கேட்டாளே, "இன்னாபா, மொதலாளி காலு மட்டும் சொர்க்கத்துலேர்ந்து நேரா வந்துச்சா?" என்று. பூசை நேரத்தில் கோவிலே சிரித்தது. பிறகு எழுந்துபோய்த் துரைக்கண்ணுவின் காலை முந்தானையால் துடைத்தாள். என் கடையில் அரை நாள் பேரம் பேசி எடுத்த புடவை. அரக்கு இனிப் போகாது. அதற்காக மனம் வலித்தது எனக்கு மட்டும்தான். அவர்கள் இருவரும் ஆட்டோவில் ஏறிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

ஆக, பொடி தூவியது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். பரிகாரம் முழுச் செபமாலையா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், ஃபாதர். நியாயமாகப் பார்த்தால் அதில் பாதி துரைக்கண்ணுவின் கணக்கில் போக வேண்டும். அவன் காலை நீட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பாவத்தை நான் செய்திருக்கவே முடியாது.