வரப்பில் நின்று போட்ட மதிப்பு

— அந்தக் காயிதத்த மறுபடி வாசிங்க ரைட்டரே. ஓடாம, நிதானமா.

— எத்தன தடவ வாசிச்சாலும் அதேதான் இருக்கும் தாயி. அதாவது, வேடசந்தூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் புகையிலை போட்ட முத்துப்பேச்சி எழுவது மணங்கு எலை காட்டணும். நாப்பத்தொண்ணுதான் காட்டியிருக்கா. மிச்சம் இருபத்தொம்பது மணங்க வரி கட்டாமக் கள்ளத்தனமா வித்துட்டதா எடுத்துக்கிட்டோம். அதுக்குண்டான வரியும் அபராதமும் கட்டுற வரைக்கும் கொட்டகையில வச்ச சீலு வச்சபடி இருக்கும். அதாவது, சட்டப்படி...

— கள்ளத்தனமா. எங்கப்பன், எம்புருசன், ஒருத்தரும் கேக்காத பேச்சு. தாலியறுத்து மூணு வருசமா ஒத்தையில நின்னு வெள்ளாம பாக்குறவளுக்குச் சர்க்காரு குடுத்த பட்டம்.

— ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகுது? இப்படி நெழல்ல உக்காரு. மோரு வாங்கியாரச் சொல்லவா?

— ஒங்க மோரு எனக்கெதுக்கு? சீலு வச்சு இன்னையோட ஒம்பது நாளு. உள்ள எலையக் குமிச்சு வச்சிருக்கேன். மூணு நாளைக்கு ஒருக்காப் பிரிச்சுப் பொரட்டிப் போடலேன்னா சூடேறி வெந்துபோகும். நேத்துக் கதவிடுக்குல மூக்க வச்சுப் பாத்தேன், புளிச்ச வாடை அடிக்குது. இன்னும் நாலு நாள் போனா மாடுகூட மோந்து பாக்காது. அப்பறம் அபராதத்தக் கட்டித்தான் என்ன, கட்டாட்டித்தான் என்ன?

— எனக்குத் தெரியாதா தாயி, நானும் இந்த வரி ஆபீஸ் வாசல்ல பதினெட்டு வருசமா டைப்பு மிசின்ல மனு தட்டுறவன்.

— அப்பச் சொல்லுங்க. அந்த எழுவது எங்கருந்து வந்துச்சு?

— தை மாசம் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து நோட்டுல எழுதுனாருல்ல, அது.

— பாத்தாரு. வரப்புல நின்னு பாத்தாரு. பூட்சுல சேறு ஒட்டும்னு தோட்டத்துக்குள்ள காலு வைக்கல. குடையால அந்தக் கடைசியக் காமிச்சாரு, இந்தக் கடைசியக் காமிச்சாரு, எழுவதுன்னாரு. அப்ப எலை நல்லாத்தான் நின்னுச்சு, நான் இல்லேங்கல. மாசியில ஆலங்கட்டி விழுந்து அம்புட்டும் சல்லடையாக் கெடந்துச்சே, அப்ப எந்த இன்ஸ்பெக்டர் வந்தான்?

— அதத்தான மனுவுல சொன்னோம்.

— சொன்னது நானு. தமிழ்ல சொன்னேன். அத இங்கிலீசுல தட்டுனது நீங்க. வெள்ளக்காரன் போயிப் பத்து வருசமாச்சு, இன்னும் அவன் பாசையிலதான் எங்க தல எழுத்து. நான் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன. 'மதிப்புப் போட்டாக'ன்னு சொன்ன.

— அதுக்கு இங்கிலீசுல என்ன?

— அதாவது தாயி, தமிழ்ல மதிப்புன்னு ஒரே சொல்லா முடிச்சிருவோம். இங்கிலீசு அப்படியில்ல. கடலு. சுத்தமா ஒரு முடிவுக்கு வராமத் தோராயமாச் சொன்னா எஸ்டிமேட். கூடவும் செய்யும், கொறையவும் செய்யும், சொன்னவன் மேல குத்தமில்ல.

— வரப்புல நின்னு சொல்றது.

— ஆமான்னு வச்சுக்க. வெவரம் தெரிஞ்ச ஆளு பொருளத் தொட்டுப் பாத்துத் தரம் சொன்னா அப்ரைஸ்.

— யாவாரி எலையக் கசக்கி மோந்து பாக்குறாரே, அது.

— கெட்டிக்காரி நீ. இன்ன வெலைக்குப் போகும்னு சொன்னா வேல்யூ. பள்ளிக்கூடத்துல பேப்பரத் திருத்தி, நல்லது பொல்லாதது சீர்தூக்கிப் பாத்தா அதுக்கு ஒண்ணு, எவாலுவேட். இன்னும் இருக்கு.

— இன்னொண்ணு இருக்குல்ல. அதச் சொல்லாம எதுக்குச் சுத்திவாரீங்க?

— எது?

— அசெஸ்.

— ...அது ஒனக்கு எப்படித் தெரியும்?

— சொல்லுங்க ரைட்டரே. கடல்ல கெடக்குற மீனுதான அதுவும்.

— அசெஸ்னா... அதாவது... சர்க்காரு கணக்குப் பாத்து, இம்புட்டுத்தான்னு முடிவுகட்டி, அதும்மேல வரி போடுறது. பேச்சு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

— இன்ஸ்பெக்டர் நோட்டுல என்ன இருக்கு?

— எஸ்டிமேட்.

— எம்மனுவுல?

— தாயி, செத்த நேரம் பொறு. ஆபீசர் சாப்பிட்டு வரட்டும், நானே பேசிப் பாக்குறேன்.

— இந்தக் காயிதத்துல நாலாவது வரிய ரெண்டு தடவையும் முழுங்கிட்டீங்க. நான் எழுத்துத் தெரியாதவ, காது கேக்காதவ இல்ல. சோலையம்மா டீச்சர்கிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இப்ப ஒங்க வாயால வாசிங்க.

— 'எழுவது மணங்கு என அசெஸ் செய்யப்பட்டதை மனுதாரரே தன்னுடைய மனுவில் ஒப்புக்கொண்டபடியால்...'

— ஒப்புக்கொண்டபடியால். நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? ஒங்க முன்னாடி கைநாட்டு வச்சேன், அப்பவா?

— கெட்ட எண்ணத்துல செய்யல தாயி. எஸ்டிமேட்டுன்னா கொத்தனாரு செவுத்துக்குப் போடுறது. பெரிய ஆபீசரு பாக்குற மனுவாச்சே, வார்த்தை கனமா இருக்கட்டும்னு அசெஸ்னு தட்டுனேன். என் இங்கிலீசப் பாத்து அந்த ஆபீசருகளே மெச்சியிருக்காக.

— ஒங்க இங்கிலீச மெச்சிக்கிறதுக்கு எங்கொட்டகையத்தான் பாத்தீங்களா? எனக்குத் தெரியாதுன்னுதான ஒங்கள நம்பி வந்தேன்? வெவரம் கெட்ட இன்ஸ்பெக்டருகூட நோட்டுல ஒழுங்கா எழுதியிருக்கான். வெவரம் தெரிஞ்ச நீங்க என்னையத் திருடியாக்கிட்டீங்க.

— வேற மனு ஒண்ணு தட்டித் தாரேன். பணமே வேணாம்.

— இன்னொரு மனு வேணாம். ஒங்க பேரப் போட்டு எழுதுங்க. முத்துப்பேச்சி சொன்னது தோராயம், செபஸ்தியானாகிய நான் தப்பாத் தட்டிப்புட்டேன்னு. கையெழுத்தும் போடுங்க.

— அதச் செஞ்சா என்னைய இந்த வாசல்ல உக்கார விடுவாகளா? மூணு பொம்பளப் புள்ளைக தாயி எனக்கு. நாளைக்கே மிசினத் தூக்கித் தெருவுல வச்சுருவாக.

— எம்பொழப்பு தெருவுக்கு வந்து ஒம்பது நாளாச்சு.

— வாய்வார்த்தையாச் சொல்றேனே. ஆபீசர் காதுல மெதுவாப் போட்டு வைக்கிறேன்.

— என்னையக் கவுத்தது காயிதம். காயிதம்தான் நிமித்தணும். தட்டுங்க.

— ஒனக்கு ஈவிரக்கம் இல்லையா?

— இருந்துச்சு. கொட்டகைக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு. தட்டுங்க ரைட்டரே.

— ...'மேற்படி மனுவில் கண்ட சொல் மனுதாரர் சொன்னதல்ல. எழுதிய என்னுடைய பிழை. மனுதாரர் சொன்னது எஸ்டிமேட் மட்டுமே.' போதுமா?

— இங்கிலீசுலயும்.

— இங்கிலீசுலதான் தட்டியிருக்கேன். ஒனக்காகத் தமிழ்ல வாசிச்சேன்.

— டீச்சர்கிட்டக் காட்டுவேன்.

— காட்டிக்க. இந்தா, கையெழுத்தும் போட்டாச்சு. என் தலைய நானே சீவிக் குடுத்திருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு. ஒரு ஆளுக்கு ஒருதடவ செஞ்சேன். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும், வெளிய மூச்சு விடாத. இம்புட்டுக் கோவக்காரப் பொம்பளைய நான் இந்த வாசல்ல பாத்ததில்ல.

— மிசின மூடாதீங்க. இதே மாதிரி இன்னும் பதிமூணு தட்டணும்.

— பதிமூணா? எதுக்கு?

— ஆலங்கட்டி எந்தோட்டத்துல மட்டுமா விழுந்துச்சு? எங்க ஊருல அம்புட்டுப் பேருக்கும் நீங்கதான மனு தட்டுனீங்க, அதே கனமான வார்த்தையப் போட்டு. பதிமூணு பேரும் அந்த வண்டிப்பேட்டையில நிக்கிறாக. கோவப்படாமப் பேசத் தெரிஞ்சவ நான்தான்னு பாத்துத்தான் மொதல்ல என்னைய அனுப்பியிருக்காக.